தண்ணீருக்கு முன் இறந்தவர்கள்

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

என் தந்தை தம் கடைசி ஐந்தாண்டுகள் தினமும் வேதம் வாசித்தார், ஜெபித்தார். ஞானஸ்நானத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அதற்கு ஒன்பது நாள் முன்பு மாரடைப்பில் காலமானார். அவர் இரட்சிக்கப்பட்டிருப்பாரா என்று போதகரிடம் கேட்டேன். "மாற்கு 16:16ஐ வாசித்துப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். இரட்சிப்புக்கு ஞானஸ்நானம் கட்டாயமா? குழந்தைகளுக்குக் கொடுப்பது செல்லுமா? மூழ்குவதா, தெளிப்பதா? இவற்றுக்கு விடை தெரியும்வரை நானும் ஞானஸ்நானம் பெறுவதாக இல்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூழ்குவதா தெளிப்பதா என்பதை விட்டுவிடுவோம். ஓடும் நீர் கிடைக்காவிட்டால் வேறு நீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றினால் போதும் என்று திதாகே என்னும் மிகப் பழைய சபைக் கையேடே இறங்கி வந்துவிட்டது. குழந்தை ஞானஸ்நானச் சண்டையில் 1527இல் சூரிச் நகரத்தார் அதை மறுத்த பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை ஆற்றிலேயே மூழ்கடித்துக் கொன்றார்கள். அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை. உங்கள் தந்தை குழந்தையுமல்லர்.

ஆனால் போதகர் காட்டிய வசனத்தை விட மாட்டேன். "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான், விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்." முன்பாதியில் விசுவாசம், ஞானஸ்நானம் என இரண்டும் இருக்கின்றன; பின்பாதியில் விசுவாசம் மட்டுமே இருக்கிறது. "ஞானஸ்நானம் பெறாதவனோ" என்று எழுத அங்கே தாராளமாக இடமிருந்தும் எழுதப்படவில்லை. மிகப் பழைய சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இந்தப் பகுதியே கிடையாது என்று சொல்லி நான் நழுவிக்கொள்ளலாம். அதற்கு அவசியமில்லை, வசனமே உங்கள் தந்தையின் பக்கம் நிற்கிறது. துக்க வீட்டில் இருப்பவனிடம் ஒரு வசனத்தின் எண்ணை மட்டும் கொடுத்தனுப்பியவர் அதைக் கடைசிவரை வாசித்திருந்தால் இந்தக் கடிதமே எனக்கு வந்திருக்காது.

உங்கள் தந்தைக்கு முன்னோடியாக ஒரு ரோமப் பேரரசன் இருக்கிறான். இரண்டாம் வாலெந்தினியன் ஞானஸ்நானம் வேண்டி மிலான் ஆயர் அம்புரோசுக்கு ஆள் அனுப்பினான். ஆயர் போய்ச் சேருமுன் 392இல் இறந்துபோனான், வயது இருபத்தொன்றோ என்னவோ. அழுத சகோதரிகளின் முன்னால் அம்புரோஸ் ஆற்றிய இரங்கலுரையின் சாரம், அவன் கேட்டான், கேட்டதனாலேயே பெற்றான் என்பதுதான். இதைச் சொன்னவர் ஞானஸ்நானத்தை அற்பமாக நினைத்தவரல்லர். ஐந்தாண்டுகளுக்கு முன்புதான், பின்னாளில் பெரும் இறையியலாளரான அகுஸ்தீனுக்குத் தம் கையாலேயே அதைக் கொடுத்தவர். ஞானஸ்நானத்தின் அவசியத்தை வலியுறுத்திய கத்தோலிக்க சபையின் திரெந்து சங்கம்கூட 1547இல் "அல்லது அதற்கான விருப்பம்" என்ற பொருள்படும் சொற்களைச் சேர்த்தே எழுதியது.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் என் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பிரசவ வார்டில் தாதியாக இருந்தவர். உயிருக்குப் போராடும் சிசுவுக்குப் பெற்றோர் கேட்டுக்கொண்டால், குருவானவர் வரும்வரை காத்திராமல் அவரே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார். நெருக்கடியில் யாரும் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்க சபையின் பழைய விதி. ஒருநாள் இரவு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். நிமிடக் கணக்கில் ஆயுள் மிச்சமிருந்த குழந்தை. அம்மா சின்னக் கிண்ணத்திலிருந்து இரண்டு சொட்டைத் தம் மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுச் சூடு பார்த்தார், கொஞ்சம் வெந்நீர் கலந்தார், மறுபடியும் பார்த்தார், அதன் பிறகே அந்த நெற்றியில் ஊற்றினார். மோட்சத்தின் வாசல் சாத்தப்படும் என்று பதறியவராக இருந்தால் அந்த இரண்டாவது முறை பார்த்திருக்க மாட்டார். ஞானஸ்நானத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டுவிட்டேன். எனக்கு இன்றும் அந்த மணிக்கட்டுதான் நினைவுக்கு வருகிறது. பிறகொரு முறை, நீர் ஊற்றுமுன்பே குழந்தை இறந்துபோன ஒரு தாய் உங்களைப் போலவே கேட்டபோது, அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருந்தாள் என்று விசாரித்தாராம். எந்த வசனத்தையும் சொல்லவில்லை.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அதுதான் எனக்குக் கோபமூட்டியது. தண்ணீர் கிடைக்காமற்போனவர் ஒருவர். தண்ணீரை எதிரில் வைத்துக்கொண்டு நிபந்தனை பேசுகிறவர் இன்னொருவர். தந்தைக்குக் கிடைக்கும் சலுகையை மகன் முன்கூட்டியே எடுத்துக்கொள்ள முடியாது. ரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தீன் ஞானஸ்நானத்தை 337இல் மரணப்படுக்கை வரை தள்ளிப்போட்டான், அவனுக்கு நேரம் வாய்த்தது. உங்களுக்கு வாய்க்கும் என்று யார் சொன்னது? அதுவும் உங்கள் தந்தைக்கு ஒன்பது நாள் குறைந்துபோனதைக் கண்ணால் பார்த்த பிறகு!

தந்தை வாசித்த வேதாகமம் வீட்டில்தானே இருக்கும். அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தை எடுங்கள். எத்தியோப்பிய மந்திரி ஒருவன் வழியில் தண்ணீரைக் கண்டு இரதத்தை நிறுத்தச் சொல்கிறான். தனக்கு வேதத்தை விளக்கிய பிலிப்புவிடம் அவன் கட்டாயமா என்று கேட்கவில்லை. "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்றுதான் கேட்டான்.

அன்புடன்.