மலையில் சாட்டிலைட் நெட்: மெயில் போகவில்லை, வைஃபை வரவில்லை – கேள்வி பதில்

கேபிளும் டவரும் எட்டாத எஸ்டேட் மேடுகளில் டிஷ்தான் கதி. கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை பக்கத்துத் தமிழர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பலரும் "சாட்டிலைட் போயிடுச்சு" என்றே ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் ஏறிப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் சாட்டிலைட் அது பாட்டுக்கு இருந்தது. கோளாறு கூரையில் இருந்தது, இல்லாவிட்டால் கூரைக்குக் கீழே.

சூரியநெல்லி, ஏலத்தோட்டக்காரர்: ஏல ரசீதுகளை ஸ்கேன் செய்து ஆடிட்டருக்கு அனுப்புகிறேன், மொத்தம் 18 எம்பி. அவுட்லுக்கில் அவுட்பாக்ஸை விட்டு நகர மாட்டேன் என்கிறது. ஆனால் அவரோ, ஒரே மெயில் மூன்று தடவை வந்ததென்று சத்தம் போடுகிறார். எது உண்மை?

இரண்டுமே உண்மை. மெயில் என்பது எழுத்துகளுக்காக உண்டான பழைய ஏற்பாடு. படமோ பிடிஎஃப்போ, எதையும் எழுத்தாக மாற்றித்தான் அனுப்பும். அப்படி மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு கனம் கூடிவிடும். உங்கள் 18 எம்பி வழியில் 24 ஆகிறது. ஜிமெயிலின் வரம்பே 25 தான். டிஷ்ஷிலிருந்து மேலே ஏறும் வேகம் 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்; எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி) என்றால், ஏறி முடிய மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும்.

மூன்று தடவை போனது எப்படி? கடிதம் முழுசாகப் போய்ச் சேர்ந்ததும் சர்வர் "வாங்கிக்கொண்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லும். அந்த வார்த்தை திரும்பி வருவதற்குள் உங்கள் அவுட்லுக் பொறுமை இழந்து, போகவில்லை என்று முடிவு கட்டி மறுபடி அனுப்புகிறது. அவுட்லுக் இயல்பாகக் காத்திருப்பது 1 நிமிடம். கணக்கு அமைப்பில் 'அட்வான்ஸ்ட்' பகுதிக்குப் போனால் 'சர்வர் டைம்அவுட்' என்று ஒரு தள்ளுகோல் இருக்கும். அதைக் கடைசி வரை, அதாவது 10 நிமிடத்துக்கு, தள்ளி வையுங்கள். இப்போது சிக்கியிருக்கும் மெயிலை, முதலில் 'வொர்க் ஆஃப்லைன்' போட்டுவிட்டு அப்புறம் அழியுங்கள். அனுப்பிக்கொண்டிருக்கும்போது அழிக்க விடாது.

அப்புறம் ஒன்று. ரசீதை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) கலரில் ஸ்கேன் செய்ய அது என்ன கல்யாண ஆல்பமா? 150 டிபிஐ, கறுப்பு வெள்ளை போதும். ஆடிட்டருக்கு வேண்டியது எண்கள்தான்.

பூப்பாறை: வேகச் சோதனையில் 20 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் வருகிறது. மகன் கம்பெனி விபிஎன்னைப் போட்டால் இன்னும் மோசம்.

போடிமெட்டு ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய லாரி என்றால் ஒரே நடையில் நிறைய ஏற்றலாம். ஆனால் 17 கொண்டை ஊசி வளைவில் ஒன்று கூடக் குறையாது. எம்பிபிஎஸ் என்பது லாரியின் அளவு. உங்களுடையது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் வகை சாட்டிலைட். கேள்வி மேலே ஏறி, கீழே இறங்கி, பதிலும் அதேபோல் ஏறி இறங்க வேண்டும். நான்கு நடை, ஏறத்தாழ 1,43,000 கி.மீ. ஒளி நொடிக்கு 3 லட்சம் கி.மீ. போனாலும் கிட்டத்தட்ட அரை நொடி ஆகிவிடும். கருவிகள் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் 600 மில்லிசெகண்டைத் தாண்டும். ஒரு பக்கம் திறக்க, முகவரி விசாரிப்பது, கைகுலுக்குவது, பூட்டுச் சாவி மாற்றுவது என்று இப்படி நாலைந்து தடவை போய்வர வேண்டும். அந்த 'யோசனை' இதுதான். பிளானை 40 ஆக்கினாலும் போகாது. 550 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் வகையில் இந்தத் தூரம் இல்லை.

விபிஎன், அதாவது கம்பெனி நெட்வொர்க்குக்குப் போகும் பூட்டிய வழி, அதன் விஷயம் வேறு. தூரத்து ஆள் "வந்தது" என்று சொல்லும் வரை காத்திருக்காமல், சாட்டிலைட் மோடமே முந்திக்கொண்டு கம்ப்யூட்டரிடம் "வந்தாச்சு, அடுத்ததை அனுப்பு" என்று சொல்லி வேலையை ஓட்டும். விபிஎன் எல்லாவற்றையும் பூட்டிய பெட்டிக்குள் வைத்துவிடுகிறது. மோடத்தால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, அதனால் அந்த உதவியும் இல்லாமல் போகிறது. வேலை முடிந்ததும் விபிஎன்னை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

வண்டிப்பெரியாறு, எஸ்டேட் லயம்: மழையில் போவது பழகிவிட்டது. இப்போது மழை நின்று இரண்டு மணி நேரம் ஆனாலும் வருவதில்லை. சாட்டிலைட் கம்பெனிக்குப் போன் செய்தால் வானிலை என்கிறார்கள்.

மழை பெய்யும்போது போனால் வானிலை. சாட்டிலைட் நெட் வரும் அலைவரிசைகளான கேயு பேண்டும் கேஏ பேண்டும் கனத்த மழையில் மங்கத்தான் செய்யும், மழை விட்டதும் தானே வந்துவிடும். வெயில் அடித்த பிறகும் வரவில்லை என்றால் கேபிள் முனையில் தண்ணீர்.

முதலில் மோடத்தின் கரண்டை அணையுங்கள். டிஷ்ஷுக்குப் போகும் கேபிளிலேயே மின்சாரமும் போகிறது. பிறகு டிஷ் முனையில் உள்ள எஃப் கனெக்டரைத் திருகிக் கழற்றி, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் கம்பியைப் பாருங்கள். புதுக் காசு மாதிரி பளபளக்க வேண்டும். பச்சை பூத்தோ கறுத்தோ இருந்தால் அந்த முனை செத்துவிட்டது. சுரண்டித் துடைத்து மாட்டினால் நாலு நாள்கூடத் தாங்காது. இரண்டு அங்குலம் வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, நீர் புகாத ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். கேபிள் கனெக்டரில் சேருவதற்கு முன் ஒரு வளையமாகத் தொங்கட்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளையத்தின் அடியிலேயே சொட்டிவிடும்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. உதாரணமாக, ஜிசாட்-11 என்ற இந்தியச் சாட்டிலைட் கிழக்குத் தீர்க்கரேகை 74 டிகிரியில் நிற்கிறது, மூணாறு 77 டிகிரியில் இருக்கிறது. அதனால் டிஷ் கிட்டத்தட்ட உச்சி வானத்தைப் பார்க்கும். டெல்லியில் மாட்டியதைவிட மல்லாந்து கிடக்கும் டிஷ்ஷில் சருகும் பாசியும் தங்கும். அதையும் துடையுங்கள். ஒரு வீட்டில் எல்என்பியை (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் கருவி) மாற்றி, மோடத்தை மாற்றி, இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் சிக்னல் நுழையும் ஃபீட் குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. இன்றுவரை அந்த வீட்டுப் பாட்டி என்னைக் 'குளவிக்காரத் தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்.

மறையூர்: மார்ச் நடுவில் சில நாள், மேகமே இல்லாத மதியம் பன்னிரண்டே முக்கால் போல, தினமும் ஐந்து பத்து நிமிடம் நெட் போகிறது. யாராவது ஜாமர் வைக்கிறார்களா?

சூரியன்தான் வைக்கிறது. அந்த நாட்களில் அது சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நின்று தன் இரைச்சலை டிஷ்ஷில் கொட்டும். செப்டம்பர் கடைசியிலும் ஒரு சுற்று வரும். அந்த நேரத்தில் சாப்பிடப் போங்கள்.

குமுளி, தங்கும் விடுதி: புது வைஃபை ரவுட்டர் மாட்டினேன். சிக்னல் ஃபுல், நெட் இல்லை.

மோடமும் ரவுட்டரும் ஒரே முகவரியை, பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1ஐ, வைத்துக்கொண்டிருக்கும். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ரவுட்டரை 192.168.10.1 என்று மாற்றுங்கள். மோடத்தை முதலில் போட்டு, விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டரைப் போடுங்கள். கருங்கல் சுவரைத் தாண்ட வேண்டிய அறைகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 தான் எட்டும்.

தேவிகுளம், எஸ்டேட் ஆபீஸ்: கரண்ட் போய் வந்ததிலிருந்து மெயில் 'சான்றிதழ் செல்லாது' என்கிறது. வைரஸா?

திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். 2009 என்று இருந்தால் வைரஸ் இல்லை, மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. கம்ப்யூட்டரின் கணக்கில், மெயில் சர்வர் காட்டும் அந்த அடையாளச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால்தான் நம்ப மறுக்கிறது. கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் பேட்டரிதான். மாற்றி, தேதியைச் சரிசெய்யுங்கள்.

போடியிலிருந்து, தோட்டம் பூப்பாறையில்: தோட்டத்துக் கேமராவை வீட்டிலிருந்து பார்க்க முடியவில்லை. ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) எல்லாம் திறந்தாயிற்று.

ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால், உங்கள் வாசலுக்கு வெளியே கம்பெனியின் பொது வாசல் ஒன்று இருக்கிறது. பல வீட்டுக்கு அது ஒரே முகவரி. நீங்கள் உள்கதவைத் திறந்து பயனில்லை. கேமரா தானே வெளியே போய்ச் சேரும் கிளவுட் வசதியைப் பயன்படுத்துங்கள், டேட்டா கரைவதைக் கவனித்துக்கொண்டு.

வட்டவடை: துலாமழை (ஐப்பசி மழை) இடிக்கு இரண்டு மோடம் போய்விட்டது. யுபிஎஸ் இருந்தும் ஏன்?

யுபிஎஸ் கரண்ட் வழியை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். உங்கள் மோடங்களுக்கு இடி டிஷ் கேபிள் வழியாக வந்திருக்கும். டிஷ் கம்பத்துக்கு எர்த் கொடுங்கள், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கிரவுண்டிங் பிளாக்கும் (கேபிளின் உறையை எர்த்தோடு இணைக்கும் துண்டு) போடுங்கள். அதுவும் நேரடி இடியைத் தடுக்காது. ஐப்பசியில் மதியம் திரண்டு கறுக்கும்போதே கரண்ட் பிளக், டிஷ் கேபிள், ரவுட்டருக்குப் போகும் வயர் மூன்றையும் பிடுங்கிவிடுங்கள். பிடுங்கிய கேபிள் முனை மோடத்துக்குப் பக்கத்திலேயே கிடக்க வேண்டாம், நாலு அடி தள்ளிக் கிடக்கட்டும். முதல் இடி காதில் விழுந்த பிறகு ஞாபகம் வந்தால் கை வைக்காதீர்கள். மோடம் போனால் போகட்டும்.