கட்டுரை எழுதித் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தால் எல்லோரும் 'நல்லா இருக்கு' என்கிறார்கள். தொடர்ந்து கொடுக்கலாமா?

அரசியல், தத்துவம், இசை என்று மனதில் பட்டதை எழுதிக் கொடுப்பதாகவும், ஒருவரும் அதற்கு மேல் பேசுவதில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டிலும் 'உனக்கு ஏன் இந்த வேலை' என்று கேட்டிருப்பார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் எழுத்தாளர் இல்லை, திருகோணமலையில் தனியார் வகுப்பில் கணக்குப் படிப்பிக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒன்பது பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். 1620களில் போர்த்துக்கேயர் எங்கள் ஊர்க் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டியது அதில் அரசியல். மூன்றாம் திருமுறையில் இருக்கும் சம்பந்தரின் கோணமலைப் பதிகமும் அதன் புறநீர்மை என்ற பண்ணும் இசை. அதை அவர் இங்கு வராமல் இராமேசுவரத்தில் நின்றே பாடினார் என்பது மரபு. காணாத இடத்தை ஒருவர் பாடும்போது அந்த இடம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டுக்கொண்டது தத்துவம். பதினைந்து பிரதி ஃபோட்டோகொப்பி எடுத்துக் கொடுத்தேன். பதின்மூன்று பேர் 'நல்லா இருக்கு' என்றார்கள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போதுதான் "பேரைப் போட்டு எழுதாதை பிள்ளை" என்றார். அவரைக் கோழை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2006 ஜனவரியில் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டதும், அவர்களின் படங்களை எடுத்து வெளிக்கொண்டுவந்த ஊடகவியலாளர் சுகிர்தராஜன் அதே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டதும் இந்த ஊரில்தான். பழைய கற்களைப் பற்றி எழுதினாலும் எங்களுக்கு அந்தப் பயம் வரும்.

மிச்சம் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர். நான்காம் நாள் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, கோட்டை வாசல் கல்லை நீ வாசிச்சிருக்கிறியா?"

குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசர் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், பிரிப்பார்கள் என்ற பாடல் முழுவதும் அந்தக் கல்லில் இருப்பதாக எழுதியிருந்தேன். சின்ன வயதிலிருந்து கேட்டுவந்தது. அந்த வாசலால் நூறு தடவையாவது போயிருப்பேன், நின்று பார்த்ததில்லை. அடுத்த நாள் காலை அந்த ஆசிரியரோடு, எங்கள் சேரோடு, போனேன். நிலைக்கல்லில் இரட்டைக் கயல்மீன் சின்னம் இருக்கிறது. எழுத்து இருக்கிறது. ஆனால் வரிகள் உடைந்து, சொற்கள் பாதி பாதியாகத்தான் நிற்கின்றன. பாடலின் மீதி வாய்வழியாகவும் ஏடுகள் வழியாகவும் வந்தது, அதிலும் பாடபேதம் உண்டு. சேர் ஒவ்வோர் எழுத்தாக விரலால் காட்டினார். எனக்கு முகம் சுட்டது.

அங்கே நின்றபோது கண்ட இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. கோட்டைக்குள் திரியும் மான்கள் சொப்பிங் பைகளைத் தின்றுகொண்டிருந்தன. கோயிலுக்கு வருகிறவர்களே பழத்தைக் கொடுத்துவிட்டுப் பையையும் எறிந்துவிட்டுப் போகிறார்கள். சுவாமி கும்பிட வந்த இடத்தில் ஒரு வாயில்லாச் சீவனின் வயிற்றில் பொலித்தீனை நிரப்புவது எந்தச் சைவம்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். அந்தப் பகுதியைத் திருத்தி எழுதினேன். உடைந்த எழுத்துகளை உள்ளபடி சொன்னபோது, முழுப் பாடலும் இருக்கிறது என்று எழுதியதைவிட அது கனமாக விழுந்தது. இடையில் யாரோ என் பழைய பிரதியிலிருந்து இரண்டு பக்கத்தை எடுத்து ஒரு விழா மலரில் போட்டிருந்தார்கள். என் பெயர் இல்லை, அது போகட்டும். பிழை அப்படியே அச்சாகிவிட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை. பதினைந்து பேருக்கும் திருத்திய பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்குத்தான் நாலைந்து பேர் உட்காரச் சொல்லி, தேத்தண்ணி தந்து, கல்லைப் பற்றிக் கேட்டார்கள்.

இதை மதப் பிரச்சாரம் என்று சிலர் சொல்லக்கூடும். இடித்தவர்களின் வழிவந்தவர் என்று இன்றைக்கு யார் மீதும் எனக்குக் கோபமில்லை. என் ஊரின் கல்லில் என்ன இருக்கிறது என்று சரியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் கொடுங்கள், ஆனால் 'எப்படி இருக்கிறது' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எங்கள் சனம் 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்லும், அது மரியாதை. 'இதில் எந்த இடம் பிழை' என்று கேளுங்கள். அரசியலும் இசையும் தத்துவமும் கலந்திருந்தால் ஒவ்வொன்றும் தெரிந்த ஒவ்வொருவருக்குக் கொடுங்கள். நான் இப்போது தாளின் இடப்பக்கம் மூன்று விரல் அகலம் வெறுமையாக விட்டு அச்செடுக்கிறேன், பிரதியோடு ஒரு பென்சிலும் கொடுக்கிறேன்.