தனிமங்களை எதை வைத்து வரிசையாக அடுக்கினார்கள்? எவ்வளவு படித்தாலும் மனதில் நிற்கவில்லை

நீங்கள் பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிறீர்கள், தேர்வு நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். காரணம் தெரியாமல் 118 பெயர்களை உருப்போட்டால் யாருக்கும் நிற்காது. அது உங்கள் தவறு இல்லை.

நான் பதினொன்றாவது படித்தபோது, அணு எடை ஏற ஏற அடுத்தடுத்து வைப்பதுதான் வரிசை என்று சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்புச் சுவரில் ஒரு பழைய அட்டவணை தொங்கியது. அதில் டெலூரியம் 127.6, அதற்கு அடுத்த கட்டத்தில் அயோடின் 126.9. எழுந்து, "ஐயா, எடை கூடுதலாக இருப்பது முன்னால் நிற்கிறதே?" என்று கேட்டேன். "பரீட்சைக்கு வராததைக் கேட்காதே, உட்கார்" என்றார். அந்த வருடம் முழுக்க வகுப்பில் எனக்கு 'அதிகப்பிரசங்கி' என்றுதான் பெயர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவருக்குப் பாடம் முடிக்கிற அவசரம் இருந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு நான் வகுப்பில் கையே தூக்கவில்லை.

பல வருடம் கழித்து, ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869-இல் வெளியிட்ட முதல் அட்டவணையின் நகலைப் பார்த்தேன். டெலூரியத்துக்கு நேரே 128 என்று போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி! அச்சிலேயே இருக்கிறது. நான் கேட்டதை அவரே கேட்டிருக்கிறார் என்று கண் கலங்கிவிட்டது, மிகைப்படுத்தவில்லை.

அவர் செய்தது இதுதான். அப்போது தெரிந்திருந்த 63 தனிமங்களை அணு எடைப்படி வரிசையாக்கினார், ஆனால் குணம் ஒத்துப்போகிறதா என்பதையும் சேர்த்தே பார்த்தார். டெலூரியம் கந்தகம், செலினியம் போல நடந்துகொள்ளும், அயோடின் குளோரின், புரோமின் போல. எனவே குணத்தை நம்பி டெலூரியத்தை முன்னால் வைத்து, எடையை அளந்ததில்தான் பிழை என்று நினைத்தார். பொருத்தமான தனிமம் கிடைக்காத இடங்களைக் காலியாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே விட்ட இடத்துக்கு ஒன்று என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லான 'ஏக'வையே எடுத்து ஏக அலுமினியம் என்று பெயர் வைத்து, எடை சுமார் 68, அடர்த்தி சுமார் 5.9 இருக்கும் என்றும் சொல்லிவிட்டார். 1875-இல் பிரான்சில் காலியம் கிடைத்தது, கண்டுபிடித்தவர் அடர்த்தி 4.7 என்றார். மெண்டலீவ், அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர், திரும்ப அளக்கச் சொன்னார். சுத்தமான காலியத்தை எடுத்து அளந்தால் 5.9!

ஜெர்மன் வேதியியலாளர் லோதர் மேயரை விட்டுவிட்டாய் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 1864-லேயே அவரும் ஓர் அட்டவணை போட்டார், 1829-இல் டோபரைனர் லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்று மும்மூன்றாகச் சேர்த்தார், தெரியும். நியூலாண்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒவ்வோர் எட்டாவது தனிமத்திலும் அதே குணம் திரும்ப வருகிறது என்று 1866-இல் லண்டனில் வேதியியலாளர்கள் கூட்டத்தில் சொன்னபோது, அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று ஒருவர் கேட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். கல்லூரியில் முதல் வருடம் நான் 'அணு எடை' என்று தமிழில் சொன்னதற்கு வகுப்பே சிரித்தது. தமிழ் வழியில் படித்துவிட்டுப் போகிற எத்தனை பிள்ளைகள் இப்படி வாயை மூடிக்கொள்கிறார்கள், அதைப் பற்றி யார் பேசுகிறார்கள்? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

டெலூரியம் சிக்கலை அவிழ்த்தது மோஸ்லி என்ற ஆங்கில இயற்பியலாளர். 1913-இல் எக்ஸ் கதிர்களை அளந்து, தனிமத்துக்குத் தனிமம் ஒவ்வொரு படியாக ஏறுவது அணுக்கருவின் மின்னூட்டம்தான், அதாவது அணு எண், என்று காட்டினார். டெலூரியம் 52, அயோடின் 53. எடையை அளந்ததில் பிழையே இல்லை, வரிசைக்கு ஆதாரம்தான் வேறு. இரண்டே வருடத்தில் கலிப்போலி போரில் குண்டு பட்டு இறந்துபோனார், வயது 27.

இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். மஞ்சள் தடவிய பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் பெயர், எடை, குணம் மட்டும் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்து அடுக்கச் சொல்வேன். போன மாதம் ஒரு பெண் டெலூரியம் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் யோசித்தாள், நான் வாயே திறக்கவில்லை. நீங்களும் முதல் 20 தனிமங்களுக்கு அட்டை செய்யுங்கள், ஆர்கானையும் சேர்த்து. ஆர்கான் 39.95, பொட்டாசியம் 39.1, அங்கேயும் இதே இடறல் வரும்.