தேனீ பெட்டி மூடியில தண்ணி சொட்டுது, அடையில பூஞ்சை

கேள்வி: கோத்தகிரி பக்கம் இந்தியத் தேனீ ரெண்டு பெட்டி வச்சிருக்கேன். ஐப்பசி மழைக்கு பிளாஸ்டிக் ஷீட் போட்டு இறுக்கிக் கட்டினேன். இப்ப மார்கழியில மூடியத் தூக்கினா உள்பக்கம் முத்து முத்தா தண்ணி, ஓரத்து அடையில பூஞ்சை, அடிப்பலகையில செத்த ஈ. பெட்டியவே மாத்திடணுமா?

பதில்: மாத்த வேணாம்ங்க, முதல்ல அந்த பிளாஸ்டிக்க அவுத்துடுங்க. அது மழைத் தண்ணி கிடையாது, உள்ள இருக்கற ஈ விட்ட ஆவி. குளிருக்கு எல்லாம் ஒண்ணா நெருங்கி தேனத் தின்னு உடம்பச் சூடாக்கி, புழு இருக்கற இடத்த 33-35 டிகிரியில வச்சுக்கும், ஒரு கிலோ தேன் செலவானா கிட்டத்தட்ட 700 மில்லி தண்ணி ஆவியாகும், அது மேல போய் சில்லுனு இருக்கற மூடியில பட்டு திரும்ப ஈ மேலயே சொட்டும். குளிரக்கூட தாங்கிக்கும், நனைஞ்சா பாவம் ஒண்ணும் பண்ண முடியாது.

அதனால மூடியத்தான் முதல்ல கவனிக்கணும். அடை தொங்கற மரச் சட்டத்து மேல சாக்குத்துணி விரிச்சு, அது மேல தச்சுப் பட்டறையில கிடைக்கற இழைப்புச் சுருள ஒரு துணிப்பையில போட்டு வைங்க, ஈரமானா மாத்துங்க. மூடியில வலை அடிச்ச காத்து ஓட்டை அடைபடாம இருக்கணும். மழைக்கு ஷீட் வேணும்னா கூரை மாதிரி மேல மட்டும், பக்கமெல்லாம் திறந்திருக்கட்டும். பெட்டிய வாசல் பக்கமா லேசா சாய்ச்சு வச்சா தண்ணி வெளிய வடிஞ்சிடும்.

அடுத்து, ஈ மூடி உக்காராத அடையில தான் பூஞ்சையும் மெழுகுப் பூச்சியும் வரும். அந்த சட்டங்கள எடுத்துட்டு பக்கத்துல டம்மி பலகை (காலி இடத்தத் தடுக்கற பலகை) நகர்த்தி வைங்க. லேசான பூஞ்சைய கூட்டம் பலமா இருந்தா அதுவே சுத்தம் பண்ணிடும், மகரந்தம் புளிச்சு நாறுற அடைய மட்டும் உருக்கிடுங்க. செத்த ஈய ஒரு குச்சியால வழிச்சு எடுங்க, இல்லன்னா வாசல் அடைச்சிடும். இத்தாலியத் தேனீ பிசின் வச்சு சந்த அடைக்கும், நம்ம ஈ அத செய்யாது, அதனால மழை இறங்கற விரிசல நீங்கதான் அடைக்கணும்.

தீனி வைக்கணும்னா ரெண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணி, நீர்க்க வச்சா ஈரம் இன்னும் கூடும். திறக்கறது வெயில் அடிக்கற மத்தியானத்துல, சட்டுனு முடிச்சிடுங்க, அடிக்கடி கிளறினா கூட்டமே பெட்டிய விட்டுப் பறந்துடும், தயவுசெஞ்சு பண்ணிடாதீங்க. அப்புறம் புழு செத்து தண்ணி நிறைஞ்ச பை மாதிரி இருந்தா அது பூஞ்சை இல்ல, வைரஸ் நோய், அந்த அடைய இன்னொரு பெட்டிக்கு மாத்தாம உடனே தோட்டக்கலை ஆபீஸ்ல காட்டுங்க.