கார்பன் கணக்கு கேட்கிறார்கள்: 9 லட்சத்துக்கு சாஃப்ட்வேர் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் கடையும்) மெஷினிங் யூனிட் நடத்துகிறேன். 60 பேர் வேலை செய்கிறார்கள். எங்கள் சரக்கில் பெரும்பகுதியை வாங்கும் கம்பெனி, மின்சாரம், டீசல், தண்ணீர், கழிவு எல்லாவற்றுக்கும் மாதக் கணக்கு கேட்டு நீளமான எக்செல் படிவம் அனுப்பியிருக்கிறது. ‘டிஜிட்டலுக்கும் பசுமை உற்பத்திக்கும் மாறுங்கள்’ என்று கடிதமும் வந்தது. ஒரு கன்சல்டன்ட் சாஃப்ட்வேர், சென்சார், ‘ஜீரோ கார்பன்’ சான்றிதழ் எல்லாம் சேர்த்து 9 லட்சம் ரூபாய் கேட்கிறார். இது சட்டப்படி கட்டாயம், மார்ச்சுக்குள் செய்யாவிட்டால் ஆர்டர் போய்விடும் என்கிறார். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

முதலில் அந்த ‘சட்டப்படி கட்டாயம்’. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 கம்பெனிகள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயமாக்கியது. பிஆர்எஸ்ஆர் என்று பேசிக்கொள்வது அதைத்தான். அந்தக் கடமை உங்களிடம் வாங்குகிறவருடையது, உங்களுடையது அல்ல. சப்ளையர்களின் கணக்கையும் காட்ட வேண்டும் என்று 2023-ல் சேர்த்தார்கள், அதுவும் முதல் 250 கம்பெனிகளுக்குத்தான். 2025 மார்ச்சில் அதையே ‘விரும்பினால் தரலாம்’ என்று தளர்த்திவிட்டார்கள். விதி வந்த செய்தியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருகிறார்கள். தளர்ந்த செய்தியைச் சொல்ல ஒருவரும் எஸ்டேட் பக்கம் வருவதில்லை. சிறு தொழில் நடத்துகிறவர் இதைத் தெரிந்துகொள்ள ஆங்கில சுற்றறிக்கைகளைத் தேடிப் படிக்க வேண்டியிருப்பது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

அதற்காகப் படிவத்தை ஓரம் கட்டிவிடாதீர்கள். சட்டம் கேட்காவிட்டாலும் வாடிக்கையாளர் கேட்கிறார். உங்கள் கார்பன் உமிழ்வு அவருடைய கணக்கில் ஏறுகிறது, அதனால் தொடர்ந்து கேட்பார். ஆனால் இன்றைக்கு அவருக்குத் தேவை சரியான எண்கள். அவை ஏற்கெனவே உங்கள் அலமாரியில் இருக்கின்றன.

கடந்த 12 மாத கரண்ட் பில், ஜெனரேட்டர் டீசல் பில், கேஸ் சிலிண்டர் பில், தண்ணீர் லாரி ரசீது, சுருள் ஸ்கிராப் விற்ற இன்வாய்ஸ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கிரிட் மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இந்த எண்ணை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அந்த ஆண்டின் எண்ணையே போடுங்கள். டீசல் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிலோ. மாதம் 40,000 யூனிட் ஓடினால் 28 டன். 500 லிட்டர் டீசல் எரித்தால் 1.35 டன். இந்தப் பெருக்கலை உங்கள் அக்கவுன்டன்ட் ஒரே நாளில் முடித்துவிடுவார். இதற்கு சாஃப்ட்வேர் எதற்கு?

டிஜிட்டல் உண்மையிலேயே உதவுகிற இடம் வேறு. கரண்ட் பில் மொத்தத்தைத்தான் சொல்லும், எந்த மெஷின் எவ்வளவு தின்றது என்று சொல்லாது. அழுத்தக் காற்று தரும் கம்ப்ரஸர், பெரிய மெஷின்கள், கூலன்ட் பம்ப் லைன் ஆகியவற்றுக்குத் தனித்தனி எனர்ஜி மீட்டர் போடுங்கள். ஆர்எஸ்-485 என்ற டேட்டா போர்ட் உள்ள மூன்று ஃபேஸ் மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். அந்த போர்ட் இருந்தால் பிற்பாடு எந்த சாஃப்ட்வேரோடும் இணைக்கலாம்.

கம்ப்ரஸரிலிருந்து தொடங்குங்கள். சரியான பராமரிப்பு இல்லாத ஷாப்பில், உற்பத்தியாகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிந்தே போவது சர்வசாதாரணம். ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். எத்தனை விநாடி லோடில் (காற்றை அழுத்திக்கொண்டு) ஓடுகிறது, எத்தனை விநாடி அன்லோடில் (காற்றை அழுத்தாமல்) நிற்கிறது என்று குறியுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதுதான் கசிவு சதவீதம். ஒரு மெஷினும் காற்று கேட்காதபோது அது 25 என்று வந்தால், கால் பங்கு காற்று ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான். ஹோஸ், கப்ளிங், காற்றை வடிகட்டிச் சீராக்கும் எஃப்ஆர்எல் யூனிட் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் கண்டுபிடியுங்கள். அப்புறம் அழுத்தத்தைப் பாருங்கள். 7 பாரில் வைத்திருப்பதை உங்கள் மெஷின்கள் 6 பாரில் ஏற்றுக்கொண்டால், கம்ப்ரஸர் இழுக்கும் கரண்ட் 6 முதல் 10 சதவீதம் குறையும். கார்பனும் குறைகிறது, பில்லும் குறைகிறது, செலவு பெரும்பாலும் சில நூறு ரூபாய் கப்ளிங்தான். நீங்கள் ஹெச்டி (உயர் அழுத்த மின்சார) இணைப்பு என்றால், வாசலில் இருக்கும் மீட்டரிலேயே உங்கள் லோடு குறுகிய இடைவெளிகளில் பதிவாகிக்கொண்டிருக்கிறது. அதை நுகர்வோர் தினமும் எளிதாகப் பார்க்க வழி செய்திருந்தால் பாதி சென்சார் வியாபாரமே நடந்திருக்காது.

இனி அந்த ‘ஜீரோ கார்பன்’ சான்றிதழ். மரம் நட்டதாகவோ கார்பன் கிரெடிட் வாங்கியதாகவோ தரும் தாள் உங்கள் கரண்ட், டீசல் கணக்கில் ஒரு கிலோவைக் கூடக் கழிக்காது. அதைத் தனியாகத்தான் காட்ட வேண்டும், உங்கள் வாடிக்கையாளரின் ஆடிட்டர் அப்படித்தான் பார்ப்பார். ‘ஐஎஸ்ஓ கொடுத்த சான்றிதழ்’ என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ தரங்களை எழுதுகிறது, எந்தக் கம்பெனிக்கும் சான்றிதழ் தருவதில்லை. வேறு அமைப்புகள் சோதித்துத் தருபவைதான் அவை.

இன்னொரு பொறி, டேட்டா. மீட்டர் உங்களுடையது, ஆனால் எண்கள் கன்சல்டன்டின் கிளவுடில். இரண்டாம் ஆண்டு சந்தா கட்டாவிட்டால் உங்கள் கணக்கையே உங்களால் திறக்க முடியாது. எந்த மாதமும் முழுக் கணக்கையும் எக்செல்லில் இறக்கிக்கொள்ளலாம், ஒப்பந்தம் முடிந்தாலும் தருவேன் என்று எழுதிக் கொடுக்கிறாரா என்று கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் என் பதில் மாறும். நீங்கள் ஐரோப்பாவுக்கு போல்ட், நட், ஸ்க்ரூ ஏற்றுமதி செய்தால் கதை வேறு. ஐரோப்பிய யூனியனின் எல்லைக் கார்பன் வரியான சிபிஏஎம் 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. எஃகு போல்ட், நட் வகை, அதாவது சுங்கக் குறியீட்டில் 7318 தலைப்பில் போகும் சரக்கு, அதில் வருகிறது. அங்கே வாங்குகிறவர் இந்த வரியில் வரும் சரக்கை எல்லா நாடுகளிலிருந்தும் சேர்த்து ஆண்டுக்கு 50 டன்னுக்குக் கீழே இறக்குமதி செய்தால் அவருக்கு விலக்கு உண்டு. அதற்கு மேல் என்றால் உங்களிடம் கணக்கு கேட்பார். தராவிட்டால் பொதுவாக நிர்ணயித்த எண்ணை வைப்பார்கள், அது பெரும்பாலும் உங்கள் உண்மை எண்ணைவிட அதிகம். அந்தச் செலவு உங்கள் விலையில்தான் விடியும். இங்கே பலர் தவறுவது இதில்தான்: எஃகுப் பொருளுக்கு இப்போதைக்கு மின்சாரத்தின் கார்பன் சிபிஏஎம் கணக்கில் வராது. கூரையில் சோலார் போட்டு அந்த வரியைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கணக்கில் பெரும்பங்கு நீங்கள் வாங்கும் கம்பி எந்த ஆலையில் எப்படி உருகியது என்பதுதான். அதனால் ஆலை தரும் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டில் உள்ள ஹீட் நம்பரை (எந்த உருக்கில் வந்தது என்ற எண்ணை) உங்கள் ஒவ்வொரு லாட்டோடும் இணைத்து வையுங்கள், ஆலையிடம் உமிழ்வுக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். உள்ளூர் வியாபாரியிடம் பில் இல்லாமல் கம்பி எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். இந்த வேலைக்கு மட்டும் விவரம் தெரிந்த ஆளுக்குக் காசு கொடுப்பதில் தப்பில்லை.

உங்கள் படிவத்துக்கு வருவோம். 12 மாத எண்களை நிரப்பி, கணக்கிட்ட முறையை ஒரு பக்கத்தில் எழுதி இந்த மாதமே அனுப்புங்கள். அளக்காததை ‘அளக்கவில்லை, இன்ன மாதத்திலிருந்து அளப்போம்’ என்று நேராக எழுதுங்கள். குத்துமதிப்பாக நிரப்பிய தண்ணீர்க் கணக்கு அடுத்த ஆண்டு உங்களையே திருப்பிக் கேள்வி கேட்கும். கூடவே, மற்ற வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த படிவத்தையே ஏற்றுக்கொள்வீர்களா என்றும் கேளுங்கள். ஒரே கரண்ட் பில்லை ஒருவருக்கு யூனிட்டாக, இன்னொருவருக்கு ஜிகாஜூலாக, மூன்றாமவருக்குப் பீஸ் கணக்காக எழுதிக் கொடுக்கும் அவஸ்தை சப்ளையர்கள் வாய் திறக்காதவரை தீராது.

அப்புறம் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ-யின் சான்று பெற்ற எனர்ஜி ஆடிட்டர் ஒருவரை வைத்து முறையான ஆடிட் செய்யுங்கள். தமிழக அரசின் ‘பீஸ்’ (PEACE) என்ற மின்சிக்கனத் திட்டத்தில் சிறு, குறு தொழில்களின் ஆடிட் செலவுக்கு மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஆடிட்டருக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே போய் என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு போனால் கட்டாயம் ஏதாவது ஒரு தாள் குறையும்.