ஃப்ளாஷ் பேங்க் மாற்றம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பூட்லோடரிலிருந்து (கருவி எழும்போது முதலில் ஓடும் நிரல்) புதிய ஃபர்ம்வேருக்குத் (கருவியை இயக்கும் நிரல்) தாவிய பின், முதல் இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைமறிக்கும் சைகை) வந்தவுடன் எல்லாம் நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: எந்தச் சிப் என்பதை எழுதாமலே கேட்டிருக்கிறீர்கள். விடை அதைப் பொறுத்தே மாறுவதால், இனி எழுதுபவர்கள் அதை முதல் வரியிலேயே குறிப்பிட வேண்டும். கார்டெக்ஸ்-எம்4 கோர் கொண்ட சிப் என்றால், எந்த இன்டரப்டுக்கு எந்த நிரல் என்று காட்டும் வெக்டர் அட்டவணையின் புதிய முகவரியை விடிஓஆர் ரெஜிஸ்டரில் எழுதாமல் விட்டிருப்பீர்கள். எஸ்டிஎம்32 எஃப்0 வரிசையில் அந்த ரெஜிஸ்டரே கிடையாது. அட்டவணையை ராமுக்கு நகலெடுத்து, ராமைச் சுழி முகவரியில் தெரியும்படி அமைக்க வேண்டும். எந்தச் சிப்பானாலும், சிஸ்டிக் டைமரை நிறுத்தி, இன்டரப்ட்களை முடக்கி, நிலுவையில் நிற்பவற்றையும் நீக்கிய பிறகே ஸ்டாக் பாயிண்டரை ஏற்றித் தாவுங்கள்.

கேள்வி: எஸ்டிஎம்32 எல்476 சிப்பில் ஃப்ளாஷ் நினைவகத்தின் ஒரு பேங்கிலிருந்து (பாதியிலிருந்து) நிரல் ஓடும்போதே மற்றதை அழிக்கலாமா?

பதில்: தாராளமாக அழிக்கலாம். 2 கேபி பக்கம் ஒன்றுக்குச் சுமார் 20 மில்லிநொடி ஆகும்; அவ்வளவு நேரமும் நிரல் நிற்காமல் ஓடும்.

கேள்வி: புதிய ஃபர்ம்வேரை எழுதத் தொடங்கும்போதே எந்தப் பேங்கை ஓட்டுவது என்று பூட்லோடருக்குச் சொல்லும் கொடியில் "பேங்க் 2 செல்லுபடியாகும்" என்று எழுதிவிடுகிறேன். இடையில் மின்சாரம் போனால் கருவி உயிர்பெறுவதே இல்லை. பூட்லோடரில் பிழையா?

பதில்: பூட்லோடர் நீங்கள் சொன்னதை நம்பியது, பிழை உங்கள் வரிசையில் இருக்கிறது. முதலில் முழுவதையும் எழுத வேண்டும், பிறகு ஃப்ளாஷிலிருந்தே திரும்பப் படித்து சிஆர்சியைச் (பிழை காட்டும் சரிபார்ப்பு எண்) சரிபார்க்க வேண்டும், அதன் பிறகே கொடியைத் தொட வேண்டும் என்பதை இந்தப் பகுதியில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆனாலும் இதே கேள்வி வந்துகொண்டே இருக்கிறது.

கொடியும் ஃப்ளாஷில்தான் இருக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எல்476 சிப் 64 பிட்டுகளை ஒரே தொகுப்பாக, பிழை திருத்தும் ஈசிசி பிட்டுகளோடு சேர்த்து எழுதுகிறது. அந்த நொடியில் மின்சாரம் போனால் தொகுப்பு அரைகுறையாக நின்றுவிடலாம். அடுத்த முறை பூட்லோடர் அதைப் படிக்கும்போது ஈசிசியால் திருத்த முடியாத இரட்டைப் பிழை எழுந்து, முடக்க முடியாத இன்டரப்டான என்எம்ஐ வரும். அதைக் கவனிக்கும் உங்கள் என்எம்ஐ ஹேண்ட்லர் வழக்கம்போல் முடிவில்லாத வெற்றுச் சுழற்சியாக இருந்தால், பழைய ஃபர்ம்வேர் பழுதில்லாமல் இருந்தும் கருவி எழாது. ஆகவே அந்த ஹேண்ட்லரில் இரட்டைப் பிழையைக் காட்டும் ஈசிசிடி பிட்டைப் பார்த்து நீக்கிவிட்டு, அந்தப் பதிவைச் செல்லாதது என்று ஒதுக்குங்கள். கொடியை இரண்டு தனிப் பக்கங்களில் வரிசை எண்ணோடும் சிஆர்சியோடும் மாறி மாறி எழுதினால் ஒன்று கெட்டாலும் மற்றது நிற்கும். இஎஸ்பி32 சிப் தன் ஓடிஏ (கம்பியில்லா அப்டேட்) பதிவை இரண்டு 4 கேபி செக்டர்களில் வைப்பதும் இதற்காகத்தான். புதியது ஓடி, தன்னைச் சரியென்று உறுதிசெய்யும் வரை பழைய பேங்கை அழிக்காதீர்கள். மேசையில் நிலையான மின்சாரத்தில் மட்டும் சோதித்துவிட்டு, களத்துக்கு அனுப்பிய பின் எனக்கு எழுதுவதில் பயனில்லை. எழுதும்போதும் அழிக்கும்போதும் வெவ்வேறு கணங்களில் மின்சாரத்தைத் துண்டித்துச் சோதியுங்கள்.

கேள்வி: எல்476 சிப்பில் எந்தப் பேங்கிலிருந்து எழுவது என்று தீர்மானிக்கும் பிஎஃப்பி2 பிட் வழியாக முதல் பேங்க் மாற்றம் சரியாக நடந்தது. இரண்டாவது அப்டேட்டில், ஓடிக்கொண்டிருந்த நிரலே அழிந்துவிட்டது.

பதில்: பேங்க் மாறியதும் முகவரிகள் இடம் மாறுகின்றன, ஆனால் அழிக்கும்போது கொடுக்கும் பிகேஈஆர் பிட் இடம் மாறுவதில்லை, அது உண்மையான பேங்கையே குறிக்கிறது. நீங்கள் எப்போதும் "பேங்க் 2" என்று எழுதியிருப்பதால், நிரல் ஓடும் பேங்கையே அழித்திருக்கிறீர்கள். எஃப்பி_மோட் பிட்டைப் படித்து, எந்தப் பேங்க் ஓடுகிறது என்று உறுதிசெய்த பிறகே அழியுங்கள்.

கேள்வி: எஃப்பி_மோட் பிட்டை ஓட்டத்திலேயே மாற்றலாமா?

பதில்: ராமிலிருந்து, கேஷ்களை முடக்கிக் காலிசெய்த பிறகு மாற்ற முடியும், ஆனாலும் பிஎஃப்பி2-ஐ மாற்றி ரீசெட் செய்வதையே பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: பூட்லோடரில் தொடங்கிய ஐடபிள்யுடிஜி வாட்ச்டாக்கைப் (நிரல் உறைந்தால் கருவியை ரீசெட் செய்யும் டைமர்) புதிய ஃபர்ம்வேருக்குத் தாவும் முன் நிறுத்துவது எப்படி?

பதில்: ரீசெட் ஆகாமல் அதை நிறுத்த முடியாது. புதிய ஃபர்ம்வேரின் தொடக்கத்திலேயே அதைப் புதுப்பியுங்கள். எல்476 சிப்பில் அதன் அதிகபட்ச அவகாசம் சுமார் 32 நொடி.