ஸ்காட்லாந்தியரும் அயர்லாந்தியரும் ஒரே வழி வந்தவர்களா?

இரு நாட்டாரும் ஒரே வம்சமா, ஏன் ஒருவரை மற்றவராக எண்ணிவிடுகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். பங்காளிகள்தான், ஆனால் முழுப் பங்காளிகள் அல்ல.

நமக்குத் தெரிந்தவரிடமிருந்தே தொடங்குகிறேன். மெரினாவில் சிலையாக நிற்கும் கால்டுவெல்லைச் சிலர் அயர்லாந்துக்காரர் என்பார்கள், சிலர் ஸ்காட்லாந்துக்காரர் என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. 1814-இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் பிறந்தார், பெற்றோர் ஸ்காட்லாந்தியர். சிறுவயதிலேயே குடும்பம் கிளாஸ்கோவுக்குப் போய்விட்டது.

ஆன்ட்ரிம் கரைக்கும் ஸ்காட்லாந்தின் கின்டயர் முனைக்கும் இடையே கடல் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். வானம் தெளிந்திருந்தால் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். பழைய டால் ரியாட்டா அரசு இந்த இரு கரைகளிலும் பரவியிருந்தது. அதன் கோட்டையாக இருந்த டனாட் குன்றில், ஒரு பாறையில் பாதச்சுவடு வெட்டியிருக்கிறார்கள். பட்டமேற்கும் அரசன் அதில் கால் வைத்து நிற்பானாம். ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக்கும் அயர்லாந்திலிருந்து வந்ததுதான். அதற்காக ஸ்காட்லாந்தியர் எல்லோரும் அயர்லாந்து வழியினர் என்று சொல்லிவிட முடியாது. அங்கே முன்பே இருந்த பிக்டுகள், ஜெர்மானிய வழி வந்த ஆங்கிலியர், கடலோடி வந்த வைக்கிங்குகள் என்று பலரும் கலந்த மண் அது. பிற்பாடு 17-ஆம் நூற்றாண்டில் ஓட்டம் திசைமாறியது. ஆயிரக்கணக்கான ஸ்காட்லாந்தியர் வட அயர்லாந்தில் குடியேற்றப்பட்டார்கள். அங்கே இன்றுவரை ஓயாத அரசியல் பிளவின் வேர்களில் அதுவும் ஒன்று.

ஆள் மாறாட்டத்துக்கு லத்தீன்காரர்களையும் கொஞ்சம் குறை சொல்லலாம். அவர்கள் முதலில் 'ஸ்காட்டி' என்றது அயர்லாந்துக்காரர்களைத்தான். வியன்னாவில் அயர்லாந்துத் துறவிகள் 1155-இல் தொடங்கிய மடத்துக்கு இன்றும் ஸ்காட்டியர் மடம் என்றே பெயர். ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் கதை இன்னும் சுவாரசியம். அங்கேயும் அப்படியொரு அயர்லாந்து மடம். பெயரே எங்களுடையது என்று உரிமை கொண்டாடிய ஸ்காட்லாந்துத் துறவிகளிடம் 1515-இல் அது போய்ச் சேர்ந்தது. பட்டாவில் பெயர் ஒத்துப்போனதால் நிலம் கைமாறிய கதைதான். 1862 வரை மடம் அவர்கள் கையிலேயே இருந்தது!

பிறந்த ஊரை வைத்து ஒருவரின் நாட்டைச் சொல்லிவிடலாம் என்பவர்களுக்கு நான் காட்டுவது ஜேம்ஸ் கானலியை. அயர்லாந்துப் பெற்றோருக்கு 1868-இல் எடின்பரோவில் பிறந்தவர், ஸ்காட்லாந்து உச்சரிப்பிலேயே பேசியவர், இளவயதில் பிரிட்டிஷ் ராணுவத்திலும் இருந்தவர். 1916-இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான டப்ளின் எழுச்சிக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவராகி, காயத்தால் நிற்க முடியாத நிலையில் நாற்காலியில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை ஸ்காட்லாந்துக்காரர் என்று டப்ளினில் சொல்லிப் பாருங்கள்.